புரவலரும் குழந்தையும்: சிறுவர் அனுசரணைத் திட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

வளர்முக நாடொன்றில் வறுமையுள் வாழும் ஒரு குழந்தையைச் செல்வந்த நாடொன்றில் வாழும் தனிமனிதர் ஒருவர் மாதந்தோறும் ஒரு குறித்த தொகை அனுப்பிப் பேணும் ஏற்பாடு, இன்று உலகின் பெரிய தருமப் பணிகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. புரூஸ் வைடிக், போல் கிளூவி, லெய்ன் ரட்லெஜ் ஆகிய பொருளியலாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றின் கணிப்பின்படி, இவ்வாறு பேணப்பட்ட சிறுவர் தொகை 90 இலட்சத்துக்கு மேற்பட்டது. அதன் பொருட்டு ஆண்டுதோறும் நாடு கடந்து சென்ற பணம் 300 கோடி டொலரை விஞ்சியது.

இத்துணை விரிந்த ஒரு சமூக நிகழ்வு பற்றி நம்மிடையே நிலவும் கருத்துக்கள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு சாரார் இதனைத் தூய ஈகையெனப் போற்றி அதற்கு மேல் வினவ மறுப்பர். மற்றொரு சாரார் இதனை ஏகாதிபத்தியத்தின் இரக்க முகமூடி எனக் கூறி அதற்கு மேல் ஆராய மறுப்பர். இவ்விரு நிலைகளும் குழந்தையைப் பற்றிப் பேசுவனவாகத் தோன்றினும், அக்குழந்தைக்கு உண்மையில் யாது நிகழ்ந்தது என்ற வினாவை எழுப்புவனவல்ல. அவ்வினாவை முன்வைத்து, இத்திட்டங்களின் அமைப்பு, வரலாறு, பயன், எல்லை ஆகியவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

இத்திட்டங்களைக் குறிக்க வழங்கிய சொற்களே முதலில் நம் கவனத்துக்குரியன. ஞானப்பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர், தத்தெடுத்தல் முதலிய உறவுமுறைச் சொற்களே தொடக்க காலத்தில் பெரிதும் ஆளப்பட்டன. ஆயின் சட்டத்தின் கண்கொண்டு நோக்கின் இங்கு தத்து எதுவுமில்லை. குழந்தை தன் பெற்றோரிடமே, தன் ஊரிலேயே வளர்கிறது. பணம் அனுப்புபவருக்கு அக்குழந்தையின் மீது உரிமையில்லை, கடமையுமில்லை. அவர் விரும்பிய மாதத்தில் தம் உதவியை நிறுத்தலாம். உறவின் மொழியும் உறவற்ற ஒப்பந்தமும் ஒன்றிணைந்து நிற்பதே இம்முறையின் அடிப்படை இயல்பு எனலாம்.

நம் நாட்டில் இன்று அனுசரணை என்னும் சொல் இதற்கு வழங்குகின்றது. அனுசரணையாளரைக் குறிக்க நாம் புரவலர் என்னும் பழஞ்சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. சங்கச் செய்யுள்களில் புரவலர், இரவலர் என்னும் இரு சொற்களும் ஓர் உறவின் இரு முனைகளாக வருவதை நாம் அறிவோம். கொடுத்தவன் பெயர் பாட்டில் நிலைபெற்றது, பெற்றவன் பாடினான். பாடாண் திணை அவ்வுறவின் இலக்கிய வடிவம். இன்றைய புரவலருக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் நன்றிக் கடிதத்தையும் அத்திணையின் தொலைதூரச் சாயலாகக் கொள்ளலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பாணனும் பொருநனும் புலவனும் தம் கலையைக் கொடுத்தே பரிசில் பெற்றனர். இன்றைய குழந்தையிடம் கொடுப்பதற்கெனக் கேட்கப்படுவது அதன் புகைப்படமும் அதன் வறுமைக் கதையுமே. இவ்வேறுபாட்டின் கருத்து என்ன என்பதைப் பின்னர் நோக்குவோம்.

2. அமைப்பும் இயக்கமும்

இம்முறையில் நான்கு உறுப்புக்கள் உள்ளன. செல்வந்த நாட்டுப் புரவலர் ஒருவர். அந்நாட்டிலுள்ள நிறுவனத் தலைமையகம். வறிய நாட்டிலுள்ள கள அலுவலகம் அல்லது உள்ளூர்த் திருச்சபை. இறுதியாகக் குழந்தையும் அதன் குடும்பமும். கள ஊழியர் குழந்தையைத் தெரிந்து, படம் பிடித்து, வயது, குடும்ப நிலை, விருப்பமான விளையாட்டு முதலியவற்றைக் குறித்து அனுப்புவர். அக்குறிப்பு புரவலர் ஒருவருடன் இணைக்கப்படும். அவர் மாதந்தோறும் ஏறத்தாழ 40 டொலர் செலுத்துவார். ஆண்டிற்கு ஒன்றிரண்டு முறை கடிதங்கள் பரிமாறப்படும். அவை மொழிபெயர்க்கப்பட்டு, முகவரி முதலியன நீக்கப்பட்டு, நிறுவனத்தின் வழியாகவே செல்லும்.

புரவலர் செலுத்தும் பணம் அக்குழந்தையின் கையைச் சென்றடைகிறதா? பெரும்பாலும் இல்லை. இவ்விடயத்தில் இருவகை நடைமுறைகள் உள்ளன. கொம்பாஷன் போன்ற நிறுவனங்கள் உள்ளூர்த் திருச்சபைகள் மூலம் பதிவுசெய்யப்பட்ட சிறுவருக்கே பாடசாலைச் செலவு, சீருடை, உணவு, மருத்துவம், பாடசாலைக்குப் பிந்திய வகுப்புக்கள் ஆகியவற்றை வழங்குகின்றன. வேள்ட் விஷன், பிளான், அக்ஷன்எயிட் போன்றவை பல புரவலரின் பணத்தை ஒன்றுதிரட்டிக் கிணறு, சுகாதார நிலையம், வகுப்பறை, கடன் சங்கம் எனக் கிராம அபிவிருத்திக்குச் செலவிடும் முறையை நாளடைவில் மேற்கொண்டன. இரண்டாம் முறையில் படத்திலுள்ள குழந்தை உதவி பெறும் தனியாள் என்பதிலும் பார்க்க, அக்கிராமத்தின் பிரதிநிதி என்பதே பொருந்தும்.

அவ்வாறாயின் ஒரு குழந்தையின் முகம் ஏன் வேண்டப்படுகிறது? காரணம் கொடுப்போரின் உளவியலிலே தங்கியுள்ளது. டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவென்ஸ்டைன், போல் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட பரிசோதனையில், பட்டினியால் வாடும் பல இலட்சம் மக்கள் பற்றிய புள்ளிவிவரத்தைக் கண்டோரிலும் பார்க்க ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் கண்டோர் கூடுதலாகக் கொடுத்தனர். படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கொடை குறைந்தது. வறுமையின் காரணங்களை விளக்குந்தோறும் இரக்கம் சுருங்குகிறது என்னும் இம்முடிவு, இந்நிறுவனங்கள் ஏன் வறுமையின் காரணங்களைத் தம் விளம்பரங்களில் விளக்குவதில்லை என்பதற்கும் விடையாகின்றது.

3. யுத்தங்களின் வழிவந்த வரலாறு

இம்முறையின் வரலாறு இருபதாம் நூற்றாண்டின் யுத்தங்களோடு பின்னிப் பிணைந்தது. முதலாம் உலக யுத்தத்தின் பின், நேச நாடுகளின் முற்றுகையால் பட்டினியுற்ற எதிரி நாட்டுச் சிறுவருக்கு உதவும் பொருட்டு எக்லன்ரைன் ஜெப், அவர் சகோதரி டொரதி பக்ஸ்ரன் ஆகியோர் 1919இல் இலண்டனில் சிறுவர் பாதுகாப்பு நிதியத்தைத் தொடங்கினர். 1920களில் அந்நிதியம், ஐரோப்பியச் சிறுவரைத் தனித்தனிப் புரவலருடன் இணைக்கும் முறையைக் கையாண்டது. இதே ஜெப் அம்மையார் வரைந்த சிறுவர் உரிமைப் பிரகடனமே 1924இல் சர்வதேச சங்கத்தால் ஏற்கப்பட்டது. மனிதகுலம் குழந்தைக்குக் கடன்பட்டுள்ளது என்பது அதன் மையக் கருத்து. இரக்கத்தின் அடிப்படையிலான புரவலர் முறையும் கடப்பாட்டின் அடிப்படையிலான உரிமைக் கோட்பாடும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒரே கையாற் பேணப்பட்டன என்பது கருதத்தக்கது. அவ்விரண்டிற்குமிடையிலான இழுபறி இன்னும் தீர்ந்துவிடவில்லை.

ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தின்போது, 1937இல், பிரித்தானியப் பத்திரிகையாளரான ஜோன் லாங்டன்-டேவிஸ் அகதிச் சிறுவருக்கென ஆரம்பித்த வளர்ப்புப் பெற்றோர் திட்டமே பின்னர் பிளான் ஆயிற்று. ஜப்பானிய ஆக்கிரமிப்பால் அநாதரவான சீனச் சிறுவரின் பொருட்டு, 1938இல் அமெரிக்காவின் றிச்மண்ட் நகரில் கல்விற் கிளார்க் என்னும் பிரெஸ்பிற்றேரியப் போதகர் சீனச் சிறுவர் நிதியத்தை நிறுவினார். 1949இல் சீனப் புரட்சி வெற்றிபெற்றபின் அதன் பணிக்களம் மாறியது. 1951இல் பெயரும் கிறிஸ்தவ சிறுவர் நிதியம் என மாறியது. கொரிய யுத்தத்தின் சூழலில் பொப் பியர்ஸ் 1950இல் வேள்ட் விஷனையும், எவரெற் சுவான்சன் 1952இல் கொம்பாஷனையும் தோற்றுவித்தனர்.

இக்காலவரிசையில் ஒரு கோலம் தெளிவாகப் புலப்படுகின்றது. சீனா, கொரியா எனப் பனிப்போரின் எல்லைக்கோடு சென்ற இடங்களிலெல்லாம் அமெரிக்கப் புரவலரின் கடிதங்களும் சென்றன. கிறிஸ்ரினா கிளைன் 2003இல் வெளியிட்ட நூலில், அக்காலத்து விளம்பரங்கள் ஆசியக் குழந்தையைப் பேணுதலைக் கம்யூனிசத்தைத் தடுக்கும் பணியோடு இணைத்த முறையை விரிவாகக் காட்டியுள்ளார். தாய், தந்தை, மகவு என்னும் குடும்ப உருவகம், வல்லரசுக்கும் வறிய நாட்டுக்குமிடையிலான அதிகார உறவை அன்புறவாக மாற்றிக் காட்டியது. இவ்வுருவகத்தில் வளர்முக நாடு எப்பொழுதும் குழந்தையே. அது வளர்ந்து தன் கணக்கைக் கேட்கும் நாள் இல்லை.

ஆயினும் இந்நிறுவனங்கள் யாவற்றையும் பனிப்போரின் கருவிகளாக மட்டும் காண்பது பொருந்தாது. 1972இல் 88 பிரித்தானியர் இந்தியாவிலும் கென்யாவிலும் 88 சிறுவரைப் பேணத் தொடங்கியதால் எழுந்த அக்ஷன்எயிட், பிற்காலத்தில் உரிமை அடிப்படையிலான அபிவிருத்தியை வற்புறுத்தும் நிறுவனமாக மாறியது. கள அனுபவம் நிறுவனத்தின் கருத்தையே மாற்றிய எடுத்துக்காட்டு இது.

4. யாழ்ப்பாணத்து முன்னோடி

புரவலர் முறை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று கூறுவோர் நம் மண்ணின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பாடசாலைகளை அமைத்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. இப்பாடசாலைகளின் பிள்ளைகள் பலரின் செலவை அமெரிக்காவிலிருந்த தனிமனிதரும் சபைகளும் ஏற்றனர். அவ்வாறு ஏற்றோர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்றாற்போன்ற இரட்டைப் பெயர்கள் அக்கல்விச் சூழலின் சுவடுகளாக நம் இலக்கிய வரலாற்றில் நிலைத்துள்ளன.

இப்பெயர்கள் இரு உண்மைகளை ஒருங்கே உணர்த்துகின்றன. புரவலர் பணத்தாற் பயின்றோர் கணிதமும் வானசாஸ்திரமும் தமிழும் ஆங்கிலமும் வல்ல அறிஞராயினர்; தமிழுலகம் அதனாற் பயன் பெற்றது. அதே வேளை, பிள்ளையின் பெயரையே மாற்றும் அதிகாரம் கடல் கடந்திருந்த, அப்பிள்ளையை ஒருபோதும் கண்டிராத ஒருவரிடம் இருந்தது. உதவியின் பயனும் உதவியின் அதிகாரமும் பிரிக்கவியலாதவாறு ஒன்றியிருந்தன. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

இதற்கெதிராக எழுந்த செயற்பாடும் நம் நோக்கிற்குரியது. ஆறுமுக நாவலர் மிஷன் கல்வியைக் கண்டித்ததோடு அமையவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஓர் உதவியின் அதிகாரத்தை மறுப்பவர் அவ்வுதவி நிறைவேற்றிய தேவையை வேறு வழியால் நிறைவேற்றக் கடமைப்பட்டவர் என்பதை அவர் செயல் காட்டிற்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வழங்கிய பிடியரிசி முறையும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்துப் பொதுக்காரியத்துக்குக் கொடுக்கும் அவ்வழக்கில், எவர் பிடி எவர் வயிற்றுக்குச் சென்றது என்பது எவருக்கும் தெரியாது. அங்கு புகைப்படமில்லை; நன்றிக் கடிதமுமில்லை.

ஆயின் ஊர்த்தருமத்தை இலட்சியப்படுத்துவதும் தவறாகும். சைவப் பாடசாலைகளின் வாயில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் மூடியேயிருந்தது. அனுமதி கிடைத்த பாடசாலைகளிலும் சமமாக அமர்ந்து படிக்க 1920களின் இறுதியிலும் அதன் பின்னரும் போராட வேண்டியிருந்தது. ஊரார் கொடை ஊரின் எல்லையோடு நின்றது. அவ்வெல்லையைச் சாதி வகுத்தது. அந்நியப் புரவலரின் கொடை கடல் கடந்தது. அதன் எல்லையை மதமும் அரசியலும் வகுத்தன. எல்லையின்றிச் சென்றடையக்கூடியது உரிமை ஒன்றே.

5. எழுந்த கண்டனங்கள்

1982 மே மாதத்தில் பிரித்தானியாவின் நியூ இன்ரர்நேஷனலிஸ்ற் சஞ்சிகை, இக்குழந்தைக்குப் புரவலராகாதீர் எனப் பொருள்படும் தலைப்போடு தன் இதழ் முழுவதையும் இத்திட்டங்களை விமரிசிக்க ஒதுக்கியது. அதன் பின்னர் எழுந்த கண்டனங்களையும் சேர்த்து நான்காகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, தெரிவினால் விளையும் பிளவு. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை, ஒரு தெருவில் ஒரு வீடு எனத் தெரியும்போது, தெரியப்படாதோர் மனத்தில் பொறாமையும் தாழ்வுணர்வும் தோன்றுகின்றன. எரிக்கா போர்ன்ஸ்ரைன் சிம்பாப்வேயில் நிகழ்த்திய மானிடவியலாய்வு, புரவலரின் தனிப்பட்ட உறவு தூரத்து மனிதரை நெருக்கமாக்கிய அதேவேளை, அயலாரிடையே பிரிவை உண்டாக்கியதையும் எடுத்துக்காட்டியது.

இரண்டாவது, நிருவாகச் செலவு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுதோறும் படம், அறிக்கை, கடிதம், மொழிபெயர்ப்பு, தபால் ஆகியவற்றை ஒழுங்குசெய்வதற்குக் கள ஊழியரின் காலத்தில் பெரும்பகுதி செலவாகின்றது. கிராமத்தில் பணிபுரிய வந்தவர் கடிதம் சேகரிப்பவராகிறார்.

மூன்றாவது, விளம்பரத்துக்கும் நடைமுறைக்குமிடையிலான பொய்மை. சிக்காகோ ற்றிபியூன் பத்திரிகையின் ஊழியர் 1995 தொடக்கம் நான்கு நிறுவனங்களின் வழியாகப் 12 சிறுவருக்குப் புரவலராகிப் பின்னர் அவர்களைத் தேடிச் சென்றனர். 1998 மார்ச்சில் வெளியான அவ்வறிக்கையின்படி, சில சிறுவர் ஓரளவு பயன் பெற்றிருந்தனர்; சிலர் பெற்றது அற்பம்; மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தி இறந்து நெடுநாளான பின்னரும் அவள் பெயரால் பணம் பெறப்பட்டு வந்தது. அமெரிக்க நிறுவனங்கள் தமக்கெனக் கணக்கு விதிகளையும் விளம்பர விதிகளையும் வகுத்துக்கொள்ள இவ்வெளிப்பாடு தூண்டுதலாயிற்று.

நான்காவது, குழந்தையின் மானம். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றதும் 1991இல் இலங்கை உறுதிப்படுத்தியதுமான சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை குழந்தையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. தன் குடிசையும் தன் தந்தையின் வேலையின்மையும் அந்நியர் பலர் புரட்டிப் பார்க்கும் ஏட்டில் இடம்பெறுவதற்குக் குழந்தை உடன்பட்டதா என்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வினாவன்று. வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலில் 23ஆம் அதிகாரமாக வைத்தார். இரவையும் இரவச்சத்தையும் பொருட்பாலில் 106ஆம், 107ஆம் அதிகாரங்களாக வைத்தார். கொடுத்தலை மட்டும் பேசி ஏற்றலின் துயரை விட்டுவிடவில்லை. தற்காலத் தருமவியலில் பின்னதற்குரிய இடம் மிகச் சிறிது.

2019 தொடக்கம் வேள்ட் விஷன் புதியதொரு முறையைக் கையாள்கிறது. புரவலரின் படங்களைப் பார்த்துக் குழந்தையே அவரைத் தெரிவுசெய்கிறது. தெரியப்படும் நிலையிலிருந்து தெரியும் நிலைக்குக் குழந்தையை உயர்த்துவது வரவேற்கத்தக்கதே. எனினும் பணம் எப்பக்கமிருந்து வருகிறது என்பது அதனால் மாறுவதில்லை.

6. பயன் பற்றிய சான்றுகள்

மேற்கூறிய கண்டனங்கள் பலவும் வன்மையானவை. ஆயினும் இத்திட்டங்களால் பயனேயில்லை என்று முடிவுகட்டுவோர், கட்டுரையின் தொடக்கத்தில் நாம் சுட்டிய 2013ஆம் ஆண்டு ஆய்வுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள்.

பொலிவியா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ், உகண்டா ஆகிய ஆறு நாடுகளில், கொம்பாஷன் நிறுவனத்தால் சிறுவயதில் பேணப்பட்டு வளர்ந்தோரையும் அவ்வாறு பேணப்படாதோரையும் உள்ளிட்ட 10,144 பேரின் விவரங்கள் இவ்வாய்விற் சேர்க்கப்பட்டன. திட்டம் ஓர் ஊருக்கு வந்தபோது 12 வயதைத் தாண்டியிருந்த பிள்ளைகள் அதிற் சேர்க்கப்படவில்லை. எனவே ஒரே வீட்டில் மூத்த பிள்ளை வெளியிலும் இளைய பிள்ளை உள்ளும் இருக்க நேர்ந்தது. இத்தற்செயலான எல்லையை ஆய்வாளர் அளவுகோலாகக் கொண்டனர். குடும்பத்தின் ஆர்வமோ பெற்றோரின் திறமையோ பயனுக்குக் காரணமாயிருக்கலாம் என்ற ஐயத்தை இம்முறை பெரிதும் நீக்குகின்றது.

பேணப்பட்டோர் 1.03 முதல் 1.46 வரை மேலதிக ஆண்டுகள் கல்வி கற்றிருந்தனர். இடைநிலைக் கல்வியை நிறைவுசெய்யும் வாய்ப்பு 12 முதல் 18 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருந்தது. வளர்ந்தபின் சம்பளமுள்ள தொழிலிலும் அலுவலகத் தொழிலிலும் அமர்ந்தோர் விகிதமும் கூடியிருந்தது. கல்வி வாய்ப்பு மிகக் குறைவாயிருந்த ஆபிரிக்க நாடுகளில் விளைவு பெரிதாயிருந்தது. இவ்வாய்வாளர் சிலர் ஜகார்த்தாச் சேரிகளில் சிறுவர் வரைந்த தன்னுருவப் படங்களைக் கொண்டு நிகழ்த்திய பிறிதோர் ஆய்வு, பேணப்பட்ட சிறுவரிடம் நம்பிக்கையும் தன்மதிப்பும் கூடியிருந்ததைக் காட்டிற்று.

இம்முடிவுகளை எவ்வாறு விளங்கிக்கொள்வது? இவை ஒரு நிறுவனம் பற்றியவை. சிறுவரை நேரடியாகப் பேணும் முறை பற்றியவை. பணத்தைத் திரட்டிக் கிராமத்துக்குச் செலவிடும் முறைக்கு இவற்றைச் சான்றாகக் காட்டலாகாது. எனினும் சொல்லும் விடயம் தெளிவானது. பாடசாலைக் கட்டணம், சீருடை, புத்தகம், ஒரு வேளை உணவு, தன்மீது அக்கறைகொண்ட வளர்ந்தவர் ஒருவர்: இவ்வைந்தும் கிடைத்த வறிய குழந்தை கூடுதலாகப் படிக்கிறது, வாழ்வில் உயர்கிறது. வறியோர் கல்வியின் அருமையை அறியார் என்ற பழம்பழியை இவ்வாய்வு போன்று மறுத்தவை சிலவே. ஆகவே இச்சான்றை முற்போக்காளர் அஞ்ச வேண்டியதில்லை. இவ்வைந்தினையும் ஒரு குழந்தை பெறுவதற்கு அந்நியர் ஒருவரின் இரக்கம் ஏன் நிபந்தனையாக வேண்டும் என்பதே அச்சான்றிலிருந்து நாம் எழுப்பவேண்டிய வினா.

7. அரசும் சமூகமும் செய்யக்கூடியவை

அவ்வினாவுக்கு விடையாக மூன்று நாடுகளின் அனுபவத்தைக் காட்டலாம்.

கென்யா 2003இல் ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை ஒழித்தது. மாணவர் தொகை ஏறத்தாழ 59 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 72 இலட்சமாயிற்று. வகுப்பறைகள் நெரிந்தன, கல்வியின் தரம் பற்றிய கவலைகள் எழுந்தன என்பதும் உண்மையே. ஆயினும் 13 இலட்சம் சிறுவர் தம் படத்தை எவருக்கும் அனுப்பாமலே பாடசாலை புகுந்தனர்.

தென்கொரியா இரண்டாவது எடுத்துக்காட்டு. புரவலர் திட்டங்கள் பலவற்றின் பிறப்பிடமான அந்நாட்டில், வெளிநாட்டுப் பணம் முதலில் அநாதை இல்லங்களுக்கே சென்றது. அங்கு உணவும் கல்வியும் கிடைத்தமையால், பெற்றோர் உயிரோடிருந்த பிள்ளைகள் பலரும் வறுமை காரணமாக இல்லங்களில் விடப்பட்டனர். 1960களிலிருந்து குடும்பத்தோடு வைத்துப் பேணும் முறை வளர்ந்தது. 1986இல் கிறிஸ்தவ சிறுவர் நிதியம் கொரியாவுக்கான உதவியை முடித்துக்கொண்டது. 2010இல் கொரியா பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் உதவி வழங்கும் நாடுகளின் குழுவிற் சேர்ந்தது. பெறுநர் நாடு வழங்குநர் நாடாயிற்று. இம்மாற்றத்தைப் புரவலரின் வெற்றியெனக் காட்டுவோர் உளர். ஆனால் 1950இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தமும், 1950களின் முடிவிற்குள் பெரும்பாலான பிள்ளைகளை உள்ளடக்கிய கட்டாய ஆரம்பக் கல்வியும், அமெரிக்க அரசின் பேருதவியும், இராணுவ ஆட்சியின் கீழ் நசுக்கப்பட்ட தொழிலாளரின் உழைப்பும் இன்றி அம்மாற்றத்தை விளக்க முடியாது. புரவலர் பணம் பல குழந்தைகளை உயிரோடு வைத்தது. நாட்டை மாற்றியவை வேறு சக்திகள்.

மூன்றாவது நம் நாடு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூலும், 1993இல் தொடங்கிய இலவசச் சீருடையும், பிற நாடுகளில் புரவலர் கொடுத்த பொருள்களையே அரசின் கடமையாக ஆக்கின. நம் பல்கலைக்கழகங்களின் விரிவுரையாளர், மாணவர் ஆகியோருட் பெரும்பாலோர் அவ்வுரிமையின் வழிவந்தோரே. எவர் பெயரையும் தம் பெயரோடு சேர்க்காமல், எவருக்கும் நன்றிக் கடிதம் எழுதாமல் அவர்கள் கற்றனர்.

உரிமைக்கும் அனுசரணைக்குமுள்ள வேறுபாட்டை இந்திய அனுபவமொன்று துலக்கமாகக் காட்டுகின்றது. வெளிநாட்டு நிதி தொடர்பான இந்திய அரசின் கட்டுப்பாட்டால், 2017 மார்ச்சில் கொம்பாஷன் நிறுவனம் அந்நாட்டிலிருந்து வெளியேறியது. அதனாற் பேணப்பட்ட 1,40,000க்கு மேற்பட்ட சிறுவர் ஒரே நாளில் உதவியிழந்தனர். மதமாற்றம் பற்றிய ஐயம் ஒருபுறமும் நிறுவனத்தின் மறுப்பு மறுபுறமுமாக வாதம் நடந்தது. அவ்வாதத்தில் சிறுவருக்கு இடமிருக்கவில்லை. இழந்ததைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு வழியுமிருக்கவில்லை. கொடையாக வந்தது கொடையாகவே போயிற்று.

8. இன்று நம் முன்னுள்ள கடமை

இவ்விடயம் நமக்கு ஏட்டளவிலான ஆராய்ச்சியன்று. 2009இல் யுத்தம் முடிந்ததன் பின், வடக்கு கிழக்கிற் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் புலம்பெயர்ந்த தமிழரும், ஊர்ச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும் மாதாந்த உதவி அனுப்பி வருகின்றனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதம் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியபோது, அவ்வுதவியின் தேவை நாடெங்கும் பெருகியது. கடல் கடந்திருந்து பெயரிடும் புரவலரை ஒருகாலத்தில் கண்ட சமூகம் இன்று தானே கடல் கடந்த புரவலராகியுள்ளது. உதவுவோர் நம்மவர் என்பதனால் உதவியின் அதிகாரம் மறைந்துவிடாது. மேடையில் நிறுத்திக் கொப்பியும் புத்தகப்பையும் வழங்கிப் படம் பிடிக்கும் வழக்கத்தைக் காண்போர் இதனை மறுக்கமாட்டார்.

எனவே இத்தகைய திட்டம் எதனையும் மதிப்பிட நான்கு வினாக்களை நாம் முன்வைக்கின்றோம். பிள்ளையின் முகமும் கதையும் வெளிப்படாமலே அவ்வுதவி தொடருமா? ஒரே வீட்டில், ஒரே வகுப்பில் தெரியப்படாத பிள்ளைக்கு யாது கிடைக்கிறது? கொடுப்பவர் நிறுத்தினால் பிள்ளை வீழாதிருக்க யாது ஏற்பாடு உண்டு? அரசு வழங்கவேண்டியதை அவ்வுதவி பெற்றுத்தர முயல்கிறதா, அன்றி அரசு கைவிட்டதை மறைக்கத் துணைபோகிறதா? இறுதி வினாவே தலையாயது. இலவசக் கல்வி பெயரளவில் நிற்க, வசதிக் கட்டணமும் தனியார் வகுப்புக் கட்டணமும் பெற்றோரை நெரிக்கும் இக்காலத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புரவலரைத் தேடிக்கொடுப்பதோடு நம் பணி முடிந்துவிட்டதெனக் கருதுவோமாயின், முன்னோர் வென்றெடுத்த உரிமையை நாமே கொடையாக மாற்றிக்கொடுத்தவராவோம்.

இதனாற் கொடுப்பதை நிறுத்துக என்று நாம் கூறவில்லை. பசித்த பிள்ளை சமுதாய மாற்றம் வரும்வரை காத்திருக்க முடியாது. இன்றைய பள்ளிப் பருவம் நாளை திரும்பி வராது. சான்றுகளும் அவ்வுதவி வீண்போவதில்லை என்றே கூறுகின்றன. கொடுக்கும் கை கொடுத்துக்கொண்டேயிருக்கட்டும். ஆனால் அக்கொடை பிடியரிசி போன்று பொதுவில் சேர்ந்து, முகமறியாது சென்று, எவரையும் விலக்காது பயன்பட வேண்டும். பயன்படும் அதே வேளையில், தான் தேவைப்படாத ஒரு நாளை நோக்கி அது உழைக்கவும் வேண்டும். அந்நாளில் குழந்தை எவருக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டதாக இராது. அது பெறுவது அதற்குரியதே என்பதால்.